விமானியில் பிழையில்லை

அண்ணை,

உங்களுடைய கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், என் முன்னால் மேசையில் கிடக்கிறது. அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் கிருத்தியம் முடிந்து, மண்டபத்தில் சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர்களுக்கு உங்கள் மகன் வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுத்தார். அட்டைப் படத்தில் நீங்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நிற்கிறீர்கள். கழுத்துக்குக் கீழே இருப்பது உங்களுடைய உடம்பே இல்லை. யாரோ ஒருவனுடைய தோளில் உங்கள் தலையைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்திப் பாடல்களைத் தாண்டி வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்குப் போனால் இப்படி இருக்கிறது: "நோர்வே நாட்டின் புகழ்பெற்ற விமான நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராகப் பல்லாண்டு காலம் கடமையாற்றிய அன்னார், பின்னர் கனடாவில் தனியார் நிறுவனமொன்றில் உயர் பதவி வகித்தார்."

நான் அந்த வாசலிலேயே நின்று, "தம்பி, இது ஆருடைய கதை?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன் அன்ரி? அப்பா பிளேன் கொம்பனியிலதானே இருந்தவர்? மூண்டு கொப்பி நிறைய அதைப் பற்றித்தானே எழுதி வைச்சிருக்கிறார். எனக்குத் தமிழ் வாசிக்க வராது, மாமாதான் பார்த்திட்டு எழுதினவர்."

மாமா கொப்பியை விரித்திருக்கிறார். விமானம், எஞ்சின், விபத்து என்று கண்ணில் பட்டிருக்கிறது. உடனே உங்களைப் பொறியியலாளர் ஆக்கிவிட்டார். ஒரு பக்கத்தை முழுதாக வாசிக்க அந்த மனிதருக்குப் பொறுமை இல்லை. நீங்கள் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்று கொட் மீன் வெட்டினீர்கள். இங்கே யூனியன்வில்லில், ஒரு முதியோர் இல்லத்தில், என்னோடு சேர்ந்து வயதுபோனவர்களைக் குளிக்க வார்த்தீர்கள், உடுப்பு மாற்றினீர்கள், சாப்பாடு தீத்தினீர்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பொய் அறிக்கைகளைத் தேடித் தேடிக் கிழித்துக் காட்டிய மனிதர் நீங்கள். கடைசியில் உங்களைப் பற்றியே ஒரு பொய் அறிக்கை எழுதி, படமும் போட்டு, வந்த சனத்துக்கெல்லாம் பங்கிட்டுவிட்டார்கள்.

ஆனால் என் பெரிய கோபம் அதுவல்ல. அந்தக் கொப்பிகளில் உள்ள விஷயம் ஒரே ஒரு ஆளுக்குப் போய்ச் சேரவேண்டியது. இங்கிரிட் அம்மாவுக்கு. அதை அவரிடம் சொல்வதற்கு முதல் நீங்கள் போய்விட்டீர்கள். சொல்லவிடாமல் பண்ணினவர்கள் உங்கள் செத்தவீட்டுக்கு ஆளுயர மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். அதைத் தூக்கி வெளியே எறிய என் கை துடித்தது. உங்கள் மனைவியின் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

இங்கிரிட் அம்மா எங்கள் இல்லத்துக்கு வந்த புதிதில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிறுபிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே படித்து, இங்கேயே கிழவியானவர். மறதி நோய் வந்ததும் ஆங்கிலம்தான் முதலில் போனது. குழந்தையில் பேசிய பாஷை மட்டும் மிஞ்சியது. அது நோர்வே பாஷை என்றே எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை, நீங்கள் அப்போது இரவு வேலையில் நின்றீர்கள். சாப்பாடு கொண்டுபோனால் அழுதழுது ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். குளிக்க வார்க்கப் போனால் அடிப்பார். மனேஜர் அவருடைய கோப்பில் "ஆட்களைத் தாக்கக்கூடியவர்" என்று எழுதி வைத்தார்.

நீங்கள் பகல் வேலைக்கு மாறிய பிறகு ஒருநாள் நீங்களும் நானும் சேர்ந்து அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போனோம். வழக்கம்போல அழுதார். நீங்கள் துவாயைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றீர்கள். பிறகு குனிந்து அவருடைய காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னீர்கள். அந்த மனுஷி அழுகையை நிறுத்தி உங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

"நீ மீன்பிடிகாரனோ எண்டு கேக்கிறா, தங்கச்சி. என்ரை பாஷையில இன்னும் மீன் நாறுது போல."

அன்று மத்தியானம் லஞ்ச் ரூமில் நீங்கள் புட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. அவர் என்ன சொல்லி அழுகிறார் என்று நான் கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கிறா. சாப்பாடு கொண்டுவாற எல்லாரிட்டையும். தன்ரை தேப்பன் பிளேனை மலையில கொண்டுபோய் மோதி ஆக்களைச் சாகடிச்சுப்போட்டாராம். 'உங்கட வீட்டு ஆக்களும் அதில இருந்தவையோ?' எண்டு கேட்டுக் கேட்டு அழுறா."

அவருடைய தந்தை அந்த நாட்டின் ஆரம்பகால விமானக் கொம்பனி ஒன்றில் விமானியாக இருந்தவர். விமானம் மலையில் மோதியது, அவரோடு சேர்த்து எல்லோரும் செத்தார்கள். விசாரணை நடத்தி, பிழை விமானியில்தான் என்று அறிக்கை எழுதினார்கள். ஊரில் ஒருவரும் அந்தக் குடும்பத்தோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை நோய் வந்து திறந்துவிட்டது.

நீங்கள் அன்றைக்கே தொடங்கிவிட்டீர்கள். அந்த நாட்டின் பழைய பத்திரிகைகளைக் கம்பியூட்டரில் தேடி வாசித்தீர்கள். மீன் தொழிற்சாலையில் உங்களோடு நின்ற நண்பர் இன்னும் அந்தக் கரையில்தான் இருக்கிறார். அவர் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய கடதாசிகளை போனில் படம்பிடித்து அனுப்பினார். அதையெல்லாம் நீங்கள் கொப்பியில் தமிழில் எழுதினீர்கள். இங்கிரிட் அம்மாவுக்காகத் தேடுகிறதை அவருடைய பாஷையிலேயே எழுதலாமே என்று நான் கேட்டேன்.

"அவங்கட பாஷையில எழுதினா அவங்கள் சொன்னதைத்தான் திருப்பி எழுதுவன். தமிழில எழுதேக்கைதான் எனக்குக் கோவம் வருது," என்றீர்கள்.

அந்த ஒரு விபத்தோடு நீங்கள் நிற்கவில்லை. அந்தக் கொம்பனியின் விபத்துகளை முதலில் இருந்தே ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். லஞ்ச் ரூமில் நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த விமானங்களுக்குச் சில்லு இல்லை. கீழே இரண்டு நீளமான மிதவைகள். கடலில் இறங்கி, துறைக்கு வந்து, ஆளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பறக்கும். "எங்கட ஊர்த் தட்டிவான் பஸ் மாதிரித்தான். இது மிதக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்," என்பீர்கள். கடலில் இருந்து நேரே எழும்பி நிற்கும் மலைகள். மூடுபனி வந்தால் விமானி தண்ணீருக்குக் கிட்டத் தாழப் பறந்து, கரையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் போகவேண்டும்.

ஒரு துறையில் இறங்கும்போது அலை அடித்து மிதவை உடைந்தது. பக்கத்தில் நின்ற மீன்பிடிப் படகு வந்து எல்லோரையும் காப்பாற்றியது. பத்திரிகை படகுக்காரர்களைப் புகழ்ந்து எழுதியது, கொம்பனி அவர்களுக்கு நன்றி சொன்னது, கதை முடிந்தது. ஏன் உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அதே துறை, அதே அலை, அதே மாதிரி உடைந்தது. இந்த முறை பக்கத்தில் படகு இல்லை. அறிக்கை சொன்னது, விமானி அலையைச் சரியாகக் கணிக்கவில்லை என்று. "ஆரும் சாகாட்டி அது விபத்தில்லையாம். செத்தா அது செத்தவன்ரை பிழையாம்," என்று நீங்கள் மேசையில் குத்தினதில் பக்கத்தில் இருந்த பிலிப்பீன்ஸ்காரியின் கோப்பி கவிண்டது.

எஞ்சின் நின்று கடலில் விழுந்தால், விமானி இறங்கத் தெரிவுசெய்த இடம் பிழை. பனிக்குள் மலை தெரியாமல் போனால், விமானி திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீங்கள் சிவப்புப் பேனையால் காரணம் என்று எழுதி, கீழே அறிக்கையின் சொல்லையும் எழுதியிருக்கிறீர்கள். விமானி. விமானி. விமானி. பக்கம் பக்கமாக அதுதான்.

"உந்த நாட்டில மலை பிழை விடாது, கடல் பிழை விடாது, கொம்பனி பிழை விடவே விடாது. செத்தவன் மட்டும்தான் பிழை விடுவான், தங்கச்சி."

"அவன்தானே அண்ணை திரும்பி வந்து வாய்காட்டமாட்டான்," என்றேன் நான்.

"ஆ! அதைச் சொல்லும்!" என்று அதையும் கொப்பியில் எழுதினீர்கள். நேற்றும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் பெயரும் போட்டிருக்கிறீர்கள்.

அந்த மாதங்களில் இங்கிரிட் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார். உங்களோடு பேசிக்கொண்டே குளித்தார். ஒருவரையும் அடிக்கவில்லை. ஆனால் அடுத்த அறைக்காரரின் மகள் வந்து, ஒரு வேலையாள் எந்த நேரமும் ஏதோ பாஷையில் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று யாருக்குத் தெரியும் என்று முறைப்பாடு கொடுத்தார். மனேஜர் எங்கள் எல்லோரையும் கூட்டினார். வேலை நேரத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்றார். அவருக்கு ஆங்கிலம் விளங்காதே என்று நீங்கள் பணிவாகத்தான் சொன்னீர்கள். "குடும்பத் துயரங்களைக் கிளறுவது உங்கள் வேலை இல்லை," என்றார் மனேஜர். கிளறினதாம்! அந்த மனுஷி நாளுக்கு மூன்று தரம் தானாக அழுதபோது அது ஒருவருக்கும் துயரமாகத் தெரியவில்லை. நீங்கள் காது கொடுத்துக் கேட்டபிறகுதான் அது துயரமானது.

பிறகு மனேஜர் எங்களைச் சுற்றிப் பார்த்து, "இவர் செய்தது சரி என்று நினைக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரும் குனிந்தோம். நானும் குனிந்தேன், அண்ணை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வேலை வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதினால் அதுவும் ஒரு பொய் அறிக்கைதான்.

உங்களை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். கீழே இங்கிரிட் அம்மா பழையபடி அழத் தொடங்கினார். மருந்தைக் கூட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் நண்பரிடமிருந்து ஒரு பழைய கடிதத்தின் படம் வந்தது. பஸ் தரிப்பில் கையுறையைக் கழற்றிவிட்டு போனைக் காட்டினீர்கள். அந்த மலை விபத்துக்கு ஒரு வாரம் முன்பு இங்கிரிட் அம்மாவின் தந்தை இதே வழியால் பறந்திருக்கிறார். மூடுபனி. மலை தெரியவில்லை. அவர் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, ஏற்றின ஆட்களை ஒரு கீறலும் இல்லாமல் துறையில் இறக்கிவிட்டார். அதற்குக் கொம்பனி அவருக்கு ஒரு கடிதம் எழுதியது. தேவையில்லாமல் திரும்பினீர், தபால் தாமதமானது, இன்னொருமுறை இப்படி நடந்தால் உம்முடைய இருக்கைக்கு வேறு ஆள் பார்ப்போம் என்று. அடுத்த கிழமை மறுபடியும் மூடுபனி. அவர் திரும்பவில்லை. விசாரணை அறிக்கையின் கடைசி வரி, விமானி திரும்பியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை.

"திரும்பினவன், தங்கச்சி," என்றீர்கள். "திரும்பினதுக்கு ஏச்சு வாங்கினவன். அதை அவவுக்குச் சொல்லவேணும். பத்து நிமிசம் போதும்."

உங்களுடைய சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் தாருங்கள் என்று எழுதிக் கேட்டீர்கள். விதிமுறை இடம்கொடுக்காது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. திரும்பவும் எழுதினீர்கள். அதற்குப் பதில் வர முதல், வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்ற இடத்தில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. நின்ற மனிதர் அப்படியே பனியில் இருந்துவிட்டார் என்று உங்கள் மனைவி சொன்னார்.

கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றபோது உங்கள் மகனிடம் கொப்பிகளைக் கேட்டேன்.

"அதுகள் ரீசைக்கிளிங் பொக்ஸுக்கை கிடக்கு அன்ரி. வேணுமெண்டா எடுங்கோ. சொறி அன்ரி, எனக்கு உண்மையாவே தெரியாது." அவரும் பாவம். அழுகிற மாதிரி நின்றார். அவரைத் திட்ட என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் லீவு போட்டு முழுவதையும் வாசித்தேன். கடைசிக் கொப்பியின் பின்னட்டையில் உங்கள் நண்பரின் போன் நம்பர் இருந்தது. அழைத்து, நான் யார் என்று சொன்னேன்.

"அவன் செத்ததே எனக்குப் பேஸ்புக்கிலதான் தெரியும், தங்கச்சி. நான் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ."

அடுத்த நாள் என் சாப்பாட்டு நேரத்தில் இங்கிரிட் அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கண்டுபிடித்தால் வேலை போகும் என்று தெரியும். அன்றைக்குச் சப்பாத்தைப் பார்க்கவில்லை. போனைத் தலையணையில் அவருடைய காதுப்பக்கம் வைத்து, உங்கள் நண்பரை அழைத்தேன். நான் கொப்பியில் இருந்து ஒரு வரி தமிழில் வாசித்தேன். அவர் அதை அந்தப் பாஷையில் சொன்னார். முதல் சொல்லைக் கேட்டதும் இங்கிரிட் அம்மா என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தார். உங்களைத்தான் தேடினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியை வாசித்தேன்.

கடிதம் வந்த இடத்தில் அவர் கையை உயர்த்தினார். திரும்பச் சொல் என்றார். நண்பர் திரும்பச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு இங்கிரிட் அம்மா எழும்பி நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய குரலில் ஏதோ கேட்டார்.

"என்னவாம் அண்ணை?" என்று உங்கள் நண்பரைக் கேட்டேன்.

"'அப்ப ஆர்?' எண்டு கேக்கிறா. அந்தக் கடிதம் எழுதினவன்ரை பேரைக் கேக்கிறா."

நான் பக்கத்தைப் புரட்டினேன். கடிதத்தின் படத்தை நீங்கள் ஒட்டியிருந்தீர்கள். அதற்குக் கீழே உங்கள் எழுத்தில், "கையெழுத்து வாசிக்க முடியவில்லை" என்று இருந்தது. அதைத்தான் சொல்லவேண்டியிருந்தது. நண்பர் சொன்னார். இங்கிரிட் அம்மா போர்வையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி ஒரே ஒரு சொல் சொன்னார். போனுக்குள் நண்பர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"அதை நான் உங்களுக்குச் சொல்லேலாது, தங்கச்சி. பச்சைத் தூசணம்."

மறுநாள் நான் சூப் கொண்டுபோனேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி என்னை ஏசினார். பாஷை தெரியாவிட்டாலும் சூப் ஆறிவிட்டது என்பது நன்றாகவே விளங்கியது. ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எல்லாம் நேராகிவிட்டது என்று உங்களுக்குப் பூசி மெழுக மாட்டேன். ஐந்தாம் நாள் மறந்துவிட்டார். பழையபடி அழுதார், பழையபடி மன்னிப்புக் கேட்டார். நான் பழையபடி போனை எடுத்தேன். இப்போது கிழமைக்கு ஒருக்கால், சில கிழமை இரண்டு தரமும், உங்கள் நண்பர் வேலை முடிந்து வந்து போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் இங்கிரிட் அம்மா புதிதாகக் கேட்கிறார், புதிதாகக் கோபப்படுகிறார், அப்ப ஆர் என்று புதிதாகக் கேட்கிறார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீடுவரைக்கும் வருகிறது. பஸ்ஸிலும் வருகிறது, குசினியிலும் நிற்கிறது.

போன கிழமை எங்கள் மாடியில் ஒரு ஐயா கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மனேஜர் விபத்துப் படிவத்தை என்னிடம் தந்து, "உதவிக்குக் காத்திருக்காமல் தானாக எழுந்தார் என்று போடு, வழமையாக அப்படித்தான் போடுவோம்," என்றார். நான் படிவத்தை வாங்கி உட்கார்ந்து எழுதினேன். ஐயா மணியை அடித்தார். நெடுநேரம் அடித்தார். இரண்டு நடைவழிக்கும் ஒரே ஒரு ஆள்தான் நின்றது. அந்த ஒரு ஆள் மற்ற நடைவழியில் இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு நின்றது. வழக்கமாக எங்களோடு நிற்கும் இரண்டாவது ஆளை அன்று வரவேண்டாம் என்று சொன்னது மனேஜர் என்று எழுதி, அவருடைய முழுப்பெயரையும் போட்டேன். மணி கேட்டும் போகமுடியாமல் நின்ற ஆள் நான் என்று எழுதி, கீழே என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, யாரும் வாசிக்கக்கூடிய மாதிரி எழுதினேன்.